ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

(பெங்களூரு அல்சூரில் தமிழன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த மழையிலும் மைசூருவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டால் அடுத்த கூட்டத்தில் எனக்குச் சால்வை கிடைக்காது. அவருக்குத் தனி வணக்கம்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். மரபணுக்கள் கூடி ஒரு பண்பை எப்படி உண்டாக்குகின்றன என்பது ஒன்று. அதே கூட்டு ஒரு சிற்றினத்தை எப்படி இரண்டாகப் பிரிக்கிறது என்பது அடுத்தது. மூன்றாவது, மனிதரின் உயரம்.

அறிவுக்கு ஒரு மரபணு, கோபத்துக்கு ஒரு மரபணு என்று செய்திகள் வருகின்றன. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று என் பாட்டி சொல்வார். அவர் மரபியல் படித்தவர் இல்லை, ஆனால் விஷயம் அதேதான்.

எங்கள் அடுக்ககத்தில் ஓர் அண்ணாச்சி. அவரிடம் மணி என்று ஒரு கறுப்பு லாப்ரடார். இந்திரா நகரில் ஒரு குடும்பத்தில் ராணி, அதுவும் கறுப்பு. இரு வீட்டாரும் சம்பந்தம் பேசினார்கள். வெற்றிலை பாக்கு மாற்றாததுதான் பாக்கி! பிறந்த குட்டிகளில் ஒன்று அண்ணாச்சிக்கு என்று ஒப்பந்தம். ராணி எட்டுக் குட்டி போட்டது. ஆறு கறுப்பு. இரண்டு வெளிர்மஞ்சள்.

அவ்வளவுதான். "உங்க ராணி எங்கேயோ போயிருக்கா" என்றார் அண்ணாச்சி. "எங்க ராணி வாசப்படி தாண்டினதே இல்லை" என்றார் அந்த அம்மா. காவலாளியை விசாரித்தார்கள். சிசிடிவியை ஓட்டிப் பார்த்தார்கள். தெருமுனை டீக்கடை வாசலில் ஒரு மஞ்சள் நாய் படுத்திருக்கும், பாவம், பழி அதன்மேல் விழுந்தது. அதற்குப் பிஸ்கெட் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசியில் வழக்கு என்னிடம் வந்தது, ரிட்டயர் ஆன விலங்கியல் வாத்தியார் ஆயிற்றே! நான் கேட்டது ஒன்றுதான்: "மஞ்சள் குட்டியின் மூக்கு என்ன நிறம்?" கறுப்பு என்றார்கள்.

ஒரு மரபணு, சாயம் கறுப்பா பழுப்பா என்று தீர்மானிக்கிறது. அந்தச் சாயம் முடியில் ஏறுவதா வேண்டாமா என்பது வேறொரு மரபணுவின் கையில். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வந்த இந்த இரண்டாவதன் இரு படிகளும், அதாவது நகல்களும், வேலை செய்யாவிட்டால், முதலாவது என்ன சொன்னாலும் முடி மஞ்சள்தான். மூக்கில் மட்டும் கறுப்பு நிற்கும். இதைத்தான் எபிஸ்டாசிஸ் என்கிறார்கள். 1907இல் அந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர் ஆங்கில மரபியலாளர் பேட்சன். பழுதான படி ஒன்றை இரு பெற்றோரும் ஒளித்து வைத்திருந்தால், நாலில் ஒரு குட்டி மஞ்சளாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. டீக்கடை நாய்க்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தேன்.

அண்ணாச்சி அப்போதும் கேட்டது "அப்ப விலை குறையுமா சார்?" என்பதுதான். அங்கேதான் எனக்கு எரிச்சல். நியூஃபவுண்ட்லாந்துக் குளிரில் முன்னோர் வளர்ந்த நாயைக் காசு கொடுத்து வாங்கி ஏசி போட்டு வளர்க்கிறோம். அந்த ரகத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாக இருக்கிறது. அதற்கும் ஒற்றை மரபணு காரணமில்லை, பல மரபணுக்களோடு தீனியும் உடல் எடையும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரு கை தட்டினால் ஓசை வராது. நம் தெருவில் பிறந்த குட்டியை யார் கேட்கிறார்கள்?

சரி, சிற்றினத்துக்கு வருகிறேன். மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் என்று இரண்டு பழ ஈ இனங்கள். முன்னதன் பெண்ணையும் பின்னதன் ஆணையும் சேர்த்தால், ஆண் வாரிசுகள் புழுப் பருவத்திலேயே செத்துவிடும். பெண்கள் பிழைக்கும், ஆனால் மலடு. இந்தச் சாவில் மெலனோகாஸ்டரின் எச்எம்ஆர் மரபணுவுக்கும் சிமுலன்ஸின் எல்எச்ஆர் மரபணுவுக்கும் கூட்டு என்று 2006இல் காட்டினார்கள். இரண்டில் எதைச் செயலிழக்கச் செய்தாலும் ஆண்கள் பிழைத்துக்கொள்ளும். தன் வீட்டில் ஒழுங்காக இருந்தவை, சேர்ந்த இடத்தில்தான் கெடுதல் செய்கின்றன. பிரிந்து வாழும் இரு கூட்டங்களில் தனித்தனியே மாற்றங்கள் சேர்ந்தால் இப்படி ஆகலாம் என்று பேட்சன் 1909இலேயே எழுதினார். அது மறந்துபோயிற்று. அப்புறம் டோப்சான்ஸ்கி, முல்லர் என்ற மரபியலாளர்கள் முறையே 1937இலும் 1942இலும் அதே இடத்துக்கு வந்தார்கள்.

நாய்களுக்குள், சிற்றினங்களைப் பிரிக்கும் இந்தச் சுவர் இன்னும் எழவில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முதோலும் லாப்ரடாரும் டீக்கடை நாயும் ஒரே சிற்றினம். நாம்தான் விலைப்பட்டியல் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறோம். தெருக்குட்டிக்கு வியாதியே வராது என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி போடத்தான் வேண்டும்.

மூன்றாவது, உயரம். 2022இல் ஏறக்குறைய 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மாறுபாடுகளைப் பட்டியலிட்டார்கள். அதில்... தலைவர் மணி அடிக்கிறார். உயரம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

வாசல் மேசையில் படிவம் இருக்கிறது. ஏரிக்கரையில் பிறந்த நாலு குட்டிகள் தடுப்பூசி போட்டுத் தயாராக இருக்கின்றன. இரண்டு கறுப்பு, ஒன்று செவலை, இன்னொன்றின் நிறத்தை இத்தனை பேசிய எனக்கே சொல்லத் தெரியவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொருளாளர் ஒரு குட்டி எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நன்றி, வணக்கம்.