வெயில் ஊர்ல பசுமை வீடு: முதல்ல கூரையைப் பேசுவோம்

வணக்கம் மக்களே! பசுமை வீடுன்னு பேச்செடுத்தாலே சோலார் எத்தனை கிலோவாட் போடலாம், மண் சுவர் மழைக்குத் தாங்குமா, மூங்கில் உளுத்துப் போயிடாதான்னுதான் முதல்ல கேக்குறீங்க. எல்லாம் கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா வெப்பமண்டலத்துல கட்டுறவங்க அதுக்கெல்லாம் முன்னாடி கூரையைப் பத்தி யோசிக்கணும்.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவுல எந்த ஊரா இருந்தாலும், வருஷத்துல ரெண்டு தடவை சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வந்துடும். அதனால வெயிலை அதிகமா வாங்குறது சுவர் இல்ல, மேல இருக்குற தளம்தான். அஞ்சு இஞ்ச் கான்கிரீட் தளம் பகல் பூரா சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு, பொழுது சாஞ்சதும் மெதுவா கீழ இறக்கும். ஒரு வெயில் நாள்ல, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திட்டு, ஏணி போட்டு ஏறி சீலிங்ல உள்ளங்கையை வச்சுப் பாருங்க. வெளியில காத்து குளிர்ந்திருக்கும், சீலிங் வெதுவெதுன்னு இருக்கும். அந்தச் சூடுதான் படுத்திருக்குற உங்க மேல இறங்குது. அதுக்கு ஏசி போட்டா கரன்ட் பில் ஏறும், தளம் அப்படியேதான் இருக்கும்.

புதுசா கட்டுறீங்கன்னா சாய்வுக் கூரை போட்டு, ஓட்டுக்குக் கீழ ஒரு அடுக்கு, நடுவுல காத்து போய் வர இடைவெளி விடுங்க. சூடான காத்து முகட்டு வழியா வெளிய போயிடும். தளம்தான் வேணும்னா மேல வெள்ளையடிங்க. சுத்தமான வெள்ளைப் பூச்சு வெயிலோட பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிடும். அழுக்கு படிஞ்சா பலன் குறையும், அதனால மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை கழுவி விடணும்.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். மதியம் சூரியன் மேல இருக்கும்போது ரெண்டடி சன்ஷேட் ஜன்னலைக் காப்பாத்திடும். சாயங்காலம் நாலு மணி வெயில் படுத்துக்கிட்டே வரும், சன்ஷேடுக்குக் கீழ புகுந்து நேரா உள்ள வந்துடும். மேற்குல படுக்கையறை வைக்காதீங்க. பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூம் இதையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளுங்க. ஜன்னல் வச்சே ஆகணும்னா வெளிப்பக்கம் தட்டி தொங்க விடுங்க. உள்ள திரை போட்டா வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்குறோம். அந்தச் சூடு அறையிலயேதான் சுத்தும்.

காத்துக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. இப்ப நான் இருக்குற இந்த அறையிலயே காட்டுறேன். ஒரு ஊதுபத்தி, ஜன்னல் ஓரமா. எதிர்க்கதவை மூடியிருக்கேன்... புகை பாருங்க, இங்கயே சுருண்டு நிக்குது. இப்ப கதவைத் திறக்குறேன். நூல் பிடிச்ச மாதிரி நேரா அந்தப் பக்கம் ஓடுது, பாத்தீங்களா! காத்து வர்றதுக்கு வழி இருந்தா போதாது, போறதுக்கும் வழி வேணும். இன்னொண்ணு, ஜன்னல் அடிமட்டம் உயரமா இருந்தா காத்து நம்ம தலைக்கு மேலயே போயிடும். படுக்கையறையில ரெண்டடி உயரத்துலயே ஜன்னலைத் தொடங்குங்க. கம்பி போட்டுக்கலாம், பயம் வேண்டாம்.

ஈரப்பதம் அதிகமான கடலோரத்துக்கும் வறண்ட உள்நாட்டுக்கும் ஒரே பிளான் சரிவராது. வறண்ட ஊர்ல ராத்திரி நல்லா குளிரும், கனமான சுவர் அந்தக் குளிர்ச்சியைப் பகலுக்குப் பிடிச்சு வைக்கும். கடலோரத்துல ராத்திரியும் புழுக்கம்தான், அங்க சுவர் கனத்தை விட காத்தோட்டம்தான் கை கொடுக்கும்.

இப்ப பொருளுக்கு வருவோம். உலகத்துல வெளியாகுற கார்பன் டை ஆக்ஸைடுல ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்புல வருது. அதனால சிமென்டைக் குறைக்கிற ஒவ்வொரு வழியும் எனக்கு முக்கியம். இங்கிலாந்துல 1917-ல பிறந்து, கேரளாவுல வாழ்ந்து 2007-ல மறைஞ்ச கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கின ரெண்டு முறையை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். ஒண்ணு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காம நிறுத்தி வச்சுக் கட்டுறது, நடுவுல பொந்து விழும். ஒன்பது இஞ்ச் சுவருக்குச் செங்கல் கால்வாசி மிச்சம், அந்தப் பொந்து சூட்டையும் தடுக்கும். இன்னொண்ணு ஃபில்லர் ஸ்லாப். தளத்தோட கீழ்ப்பாதியில இழுவிசையைத் தாங்குறது கம்பிதான், அங்க கான்கிரீட்டுக்குப் பெருசா வேலை இல்ல. அந்த இடத்துல பழைய கூரை ஓடுகளை வச்சு நிரப்பினா கான்கிரீட் குறையும். கம்பி இடைவெளியை மட்டும் இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் தரணும், கொத்தனார் கண்ணளவுல விடாதீங்க.

மண்ணை அச்சுல போட்டு, சுடாம காய வச்ச மண் கல்லுல கட்ட ஆசைப்படுறவங்க மனையிலேயே மண்ணைச் சோதிக்கலாம். மேல் மண்ணை ஒதுக்கிடுங்க, அதுல வேரும் மக்கும் இருக்கும், அது தோட்டத்துக்கு. அடி மண்ணைக் கண்ணாடி ஜாடியில பாதி போட்டு, தண்ணி ஊத்தி, நல்லா குலுக்கி வைங்க. மணல் உடனே அடியில உக்காரும், வண்டல் அதுக்கு மேல, களிமண் மறுநாள் வரைக்கும் கலங்கலா நிக்கும். தெளிஞ்சதும் ஸ்கேல் வச்சு ஒவ்வொரு அடுக்கையும் அளந்து எழுதிக்கோங்க. களிமண் ரொம்ப அதிகம்னா கல் காயும்போது வெடிக்கும், மணல் கலக்கணும். அளந்ததைக் கமென்ட்ல போடுங்க, என்ன கலக்கணும்னு ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதுறேன்.