தகட்டுக்கு அடியில் கொஞ்சம் காற்று

வணக்கம் நேயர்களே. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் மாரியம்மன் கோயில் மணியை ஒருமுறை அடித்தால் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசி வீடு வரை கேட்கும். வெகுநேரம் ஒரே சுருதியில் இழுக்கும். ரேடியோ அலைகளை அனுப்பவும் வாங்கவும் உதவும் தட்டையான மைக்ரோஸ்ட்ரிப் ஆண்டெனாவும் அந்த மணி மாதிரிதான்.

அடியில் செம்புத் தளம், நடுவில் மின்கடத்தாப் பலகை, மேலே ஒரு செம்புத் தகடு. அவ்வளவுதான். 1953இல் டெஷாம்ப்ஸ் முன்வைத்த யோசனை இது. 1970களில் ஹோவெல், மன்சன் போன்றவர்களின் கையில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

இதன் பெரிய குறை, பட்டையகலம் (ஒழுங்காக வேலை செய்யும் அதிர்வெண்களின் அகலம்) குறைவாக இருப்பது. 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்4 (கண்ணாடியிழைச் சுற்றுப் பலகை) பலகையில் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு நான் செய்த முதல் தகடு சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான் ஒழுங்காக வேலை செய்தது. வைஃபைக்கோ 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை வேண்டும். தகடும் தளமும் ஒட்டிக் கிடப்பதால் ஆற்றல் இடையிலேயே சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறுகிறது. அதனால்தான் மணியைப் போல ஒரே சுருதி.

சரி, என்ன செய்யலாம்? தகட்டை உயர்த்துங்கள். பலகைக்குப் பதில் 5 மில்லிமீட்டர் காற்று இடைவெளி விட்டாலே வைஃபை பட்டை முழுவதும் அடங்கும். தகட்டின் நீளம் 29 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 55 ஆகிவிடும். அந்த விலையைக் கொடுக்கலாம். இன்னும் உயர்த்தினால், அலை ஊட்டும் கம்பி நீண்டு, அதன் தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) பொருத்தத்தைக் கெடுக்கும், அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். இதற்குத்தான் 1995இல் ஹுயின், லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் தகட்டில் 'யு' வடிவில் ஒரு பிளவு வெட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. பிளவின் மின்தேக்கம் (தூண்டலுக்கு நேரெதிரான குணம்) கம்பியின் தூண்டலை ஈடுகட்டுகிறது. பக்கத்திலேயே இரண்டாவது ஒத்ததிர்வும் (தகடு இயல்பாக அதிரும் இன்னொரு அதிர்வெண்) பிறக்கிறது. பட்டையகலம் மைய அதிர்வெண்ணில் 30 விழுக்காடு வரை போகும்.

மாணவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. மின்னிழப்பு அதிகமுள்ள பலகையிலும் பட்டை அகலமாகத் தெரியும். அது மணிக்குள் துணியைத் திணிப்பது போல. இழுக்கும் சுருதி போய்விடும், ஆனால் சத்தமும் வெளியே வராது. ஆற்றல் பலகையிலேயே சூடாகிவிடும். அளவுக் கருவியில் வளைவு அகன்றதைப் பார்த்துப் பூரித்துப் போகாதீர்கள், கதிர்வீச்சுத் திறனையும் அளந்து பாருங்கள்.

அளக்க வசதியில்லையா? நைலான் வாஷர்களை வைத்துத் தகட்டை உயர்த்துங்கள். அப்புறம் அதையும் பழைய எஃப்ஆர்4 தகட்டையும் மாற்றி மாற்றி ஒரே ரூட்டரில் மாட்டி, செம்பனை வரிசைகளுக்குள் நடந்து போங்கள். சிக்னல் எந்த மரத்தடியில் அறுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.