விடியுமுன் வெட்டு

(குலசேகரம் பக்கத்தில் ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசியது)

பெரியவர்களுக்கும், பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பாடம் எடுத்தவன். முதல் பீரியடில் தூங்கி விழுகிற பையன்களில் யார் ராத்திரி போன் பார்த்தவன், யார் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய் வந்தவன் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். வெட்டுக்குப் போனவன் நெற்றியில் ஹெட்லைட் வார் பதிந்த கோடு இருக்கும். விரலிடுக்கில் ஒட்டுப்பால் காய்ந்திருக்கும். நான் போர்டில் எழுதும்போது அதை மெல்ல உரித்துக்கொண்டே இருப்பான்.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நாலரைக்கே தோட்டத்தில் நிற்க வேண்டும். சட்டமோ, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வேலை வாங்கக்கூடாது என்கிறது. ரப்பர் மரத்துக்குச் சட்டம் தெரியாது. சொந்த வீட்டு மரம் என்றால் யாரும் வந்து கேட்பதும் இல்லை.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே நம் கன்னியாகுமரி மாவட்டம்தான் முதல். சந்தோஷம். ஆனால் பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவனும் அந்தக் கணக்கில் எழுத்தறிந்தவன்தான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் போதும், ஏதாவது வரும் என்று இங்கே பல வீடுகளில் நினைக்கிறார்கள். வரும். பதிந்து ஐந்து வருஷம் வேலையில்லாமல் காத்திருந்தால், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய் உதவித்தொகை. அதே பையன் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750, கூடவே பஸ் பாஸ். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000. பெண்பிள்ளைகளுக்கு 2022 முதலே இதேபோல் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 1,750.

இந்தக் கணக்கை ஓர் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "அது சரி சாரே, எனக்க மவன் நாகர்கோயிலுக்குப் போனா மரத்த யாரு வெட்டுவா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆள் வைத்தால் கூலி, அவருக்கோ முட்டுவலி. எந்த விண்ணப்பப் படிவமும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பக்கத்துத் தோட்டக்காரர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து வெட்டுவார், பால் பாதிக்குப் பாதி. வருமானம் குறைந்ததுதான், மறைக்க மாட்டேன். பையன் நாகர்கோயில் கோணம் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்தியை எடுக்கிறான்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால், பிளாஸ்டிக் கட்டாத மரங்களில் வெட்டு நின்றுவிடும். ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போடுவதும் அந்தச் சமயத்தில்தான். அப்போது ஜங்ஷனில் சும்மா நிற்காமல் மார்க் ஷீட், ஆதார், தன் பெயரில் உள்ள பாஸ்புக், மூன்றையும் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் இருப்பேன். உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

மக்கா, கடைசியில் நிற்கிறவன், உன்னைத்தான். கையில் பாலை உரித்தது போதும், முன்னால் இடம் கிடக்கு, வந்து உட்காரு.