மேடைக்கு முன்னால் தெரு இருந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"ஷீலா டெலானியை நாடக ஆசிரியராக்கியது பிறந்த தெருவா, ஏற்றிவிட்ட மேடையா?" இதுதான் தலைப்பு. தெருவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, ஜோன் லிட்டில்வுட் என்ற இயக்குநர் இல்லாவிட்டால் ஷீலா இல்லை என்றார். நாடகத்தைத் திருத்தி உருப்படியாக்கியதே லிட்டில்வுட்தான், அவரைப் பிரிந்ததும் ஷீலாவின் எழுத்து வாடிவிட்டது என்றும் சொன்னார். அழகாகப் பேசினார். ஆனால் ஷீலா எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிட்டல்லவா இந்த வழக்கைத் தொடங்க வேண்டும்?

இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபர்டு. 1938இல் அங்கே பிராட்டன் பகுதியில் பிறந்தவர் ஷீலா. அப்பா பஸ் இன்ஸ்பெக்டர். பதினொரு வயதில் எழுதும் தேர்வுதான் அந்த நாட்டில் ஒரு பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று தீர்மானித்த காலம் அது. அந்தத் தேர்வில் ஷீலா தோற்றார். பதினேழு வயதில் படிப்பை விட்டார். கடையில் நின்றார், சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களுக்கு இடம் காட்டினார், பால் டிப்போவில் கணக்கு எழுதினார். இதற்கிடையில் ஒரு கதையை நாவலாக எழுத ஆரம்பித்திருந்தார். நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். லிட்டில்வுட் யாரென்று தெரிவதற்கு முன்பே கதை கையில் இருந்தது.

1958. மான்செஸ்டர் ஆப்பெரா ஹவுஸில் டெரன்ஸ் ராட்டிகனின் புது நாடகம். ராட்டிகன் என்றால் அன்றைக்குப் பெரிய பெயர். பத்தொன்பது வயதுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று வீட்டுக்கு வருகிறாள். நாவலாக இருந்ததை இரண்டு வாரத்துக்குள் நாடகமாக்கி லிட்டில்வுட்டுக்கு அனுப்புகிறாள். அதுதான் "எ டேஸ்ட் ஆஃப் ஹனி". பதினைந்து நாளைக்கு முன்பு வரை நாடகம் என்ற ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்ற பொருளில் கூடவே ஒரு கடிதம். அந்த வரியை எதிரணித் தோழி தனக்குச் சாதகமாகச் சொன்னார். நான் கேட்கிறேன், நாடகமே தெரியாத பெண்ணால் இரண்டு வாரத்தில் ஒரு முழு நாடகம் எழுத முடிகிறதென்றால் அதன் பேச்சு எங்கிருந்து வந்தது? பத்தொன்பது வருஷம் காதில் விழுந்த பேச்சு அது.

முதல் காட்சியைப் பாருங்கள். ஹெலனும் மகள் ஜோவும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு புது வாடகை அறைக்குள் வருகிறார்கள். எத்தனையாவது வீடோ. எல்லாம் உடைந்து தொங்குகிறது, குளிருக்கு ஹீட்டர் கிடையாது. மகள் முகம் சுளிக்க, தாய் சமாளிக்கிறாள்: ஜன்னலைத் திறந்தால் கேஸ் தொழிற்சாலை நன்றாகத் தெரிகிறதே, வேறென்ன வேண்டும் உனக்கு? இந்தப் பதிலை ஒரு இயக்குநர் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. மாசக் கடைசியில் வீடு மாற்றிப் பழகிய வாயிலிருந்துதான் அது வரும். அதே ஜோ பூங்காவிலிருந்து எடுத்துவந்த பூச்செடிக் கிழங்குகளை அந்த அறையில் ஒளித்து வைக்கிறாள். மாதங்கள் கழித்து, அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நண்பன் ஜெஃப் சோஃபாவுக்கு அடியிலிருந்து அவற்றை எடுக்கும்போது எல்லாம் காய்ந்து செத்திருக்கின்றன. எனக்கு இந்த நாடகத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வெளிச்சம் படாத வீட்டில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று புரியும்.

ஜோவின் காதலன் ஒரு கறுப்பின மாலுமி. 1958இல் ஆங்கில மேடைக்கு இது அதிர்ச்சி. சால்ஃபர்டுக்கு என்ன அதிர்ச்சி? கடலே இல்லாத ஊரில் கால்வாய் வெட்டி 1894இலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது. துறைமுகம் ஊருக்குள், மாலுமிகள் தெருவில். ஜெஃப் ஓரினச் சேர்க்கையாளன். ஆணும் ஆணும் உறவு கொள்வது 1967 வரை அங்கே சட்டப்படி குற்றம். அந்த ஜெஃப்தான் கர்ப்பிணியான ஜோவுக்குச் சமைத்துப்போட்டு வீட்டைத் துடைத்து வைக்கிறான். கேலிக்குரிய ஆளாக அல்ல, நாடகத்திலேயே அன்பு மிகுந்த மனிதனாக அவனை எழுதினாள் பத்தொன்பது வயதுப் பெண். தொழிலாளி என்றால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளியை "சார்" என்று கூப்பிடுகிறவன் என்று காட்டிய நாடகங்கள் மேல் அவருக்கு இருந்த கோபத்தை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

சரி, லிட்டில்வுட் திருத்தினாரே? திருத்தினார், மறுக்கவில்லை. ஜாஸ் இசைக் குழுவை மேடையில் உட்காரவைத்தது அவர்தான். ஆனால் நாளைக் கணக்குப் பாருங்கள். ஏப்ரலில் கடிதம், மே 27இல் கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபர்டில் அரங்கேற்றம். ஒன்றுமில்லாததை நாடகமாக்க இந்த நாட்கள் போதுமா? ஜான் ரஸ்ஸல் டெய்லர் என்ற விமர்சகர் ஷீலா அனுப்பிய பிரதியையும் மேடையேறியதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஊர் பேசிக்கொண்ட அளவுக்கு மாற்றம் இல்லை, வசனத்தில் பெரும்பகுதி ஷீலாவுடையது என்றே எழுதினார். ஒரு ஆண் எழுதியிருந்தால் இந்தச் சந்தேகம் இவ்வளவு காலம் நீடித்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அப்புறம், வாடிவிட்டார் என்ற வாதம். 1960இல் வந்த இரண்டாவது நாடகம் "தி லயன் இன் லவ்" விமர்சகர்களிடம் அடி வாங்கியது உண்மை. மேடை அவரை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டது, எதிரணி கொண்டாடும் அதே மேடை! தெரு கைவிடவில்லை. முதல் நாடகத்தை டோனி ரிச்சர்ட்சன் 1961இல் படமாக்கியபோது சால்ஃபர்டின் கால்வாய்க் கரைக்கே கேமராவைக் கொண்டுபோனார். திரைக்கதைக்கு ஷீலாவுக்கும் அவருக்கும் சேர்த்து பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது. பிறகு "சார்லி பபிள்ஸ்" என்ற படத்தை எழுதினார். லண்டனில் பணமும் பேரும் சேர்த்த எழுத்தாளன் ஒருவன் வடக்கே தன் ஊருக்குத் திரும்பும் கதை. அதை இயக்கி நடித்த ஆல்பர்ட் ஃபின்னியும் சால்ஃபர்டுக்காரர். 1985இல் "டான்ஸ் வித் எ ஸ்ட்ரேஞ்சர்" என்ற படம், பிரிட்டனில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட பெண் ரூத் எல்லிஸின் கதை. வாடிய எழுத்தா இது?

கடைசியாக ஒன்று. ஏற்றிவிட்ட மேடை என்கிறார்களே, லிட்டில்வுட்டின் தியேட்டர் ஒர்க்ஷாப் என்ற நாடகக் குழு, அது எங்கே முளைத்தது? லிட்டில்வுட் லண்டன்காரர். 1930களில் வடக்கே வந்து, மான்செஸ்டரில் ஒரு இளைஞனோடு சேர்ந்து தொழிலாளர்களுக்கான நாடகம் போடத் தொடங்கினார். அங்கே விழுந்த விதைதான் பிற்பாடு தியேட்டர் ஒர்க்ஷாப் ஆனது. 1953இல்தான் அது ஸ்ட்ராட்ஃபர்டுக்குக் குடிபோனது. அந்த இளைஞன் பெயர் யூவன் மக்கோல். இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மகன். பிறந்த ஊர் சால்ஃபர்டு. பிறந்த பகுதி, நடுவர் அவர்களே, ஷீலா பிறந்த அதே பிராட்டன்.