கறுப்புப் பாறைத் தீவில் வெள்ளை மணல்

நேயர்களுக்கு வணக்கம். மொரிஷியஸ் போகிறோம், எந்தக் கடற்கரை நன்றாக இருக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. வடக்கே கிராண்ட் பே, மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக், கிழக்கே பெல் மார் என்று பெயர்களை அடுக்கிவிடலாம். ஆனால் அந்தத் தீவில் நாம் ரசிக்கிற கரைகள் எல்லாம் பவளப்பாறையின் தயவில் இருப்பவை. அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தீவு அது. தோண்டினால் கறுப்புக் கல். கரும்புக் காடுகளின் நடுவே அந்தக் கல்லைப் பொறுக்கிக் குன்று குன்றாகக் குவித்திருப்பார்கள். அப்படியென்றால் மணலும் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு கை அள்ளி, வெயிலில் உற்றுப் பாருங்கள். பவளத் துணுக்கு, சிப்பித் தூள், முள் உருண்டைபோல் இருக்கும் கடல் முள்ளெலியின் ஒடிந்த முள், நடுநடுவே இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு பொடி. பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன் வெளியேற்றுகிற தூளும் அதில் சேர்த்தி. கடலில் வாழ்ந்த உயிர்களின் எலும்பும் ஓடும்தான் அந்த வெள்ளை மணல்.

கரையில் நின்றால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அலைகள் பவளத்திட்டில் மோதி உடைகிற இடம் அது. தீவின் பெரும்பகுதியைச் சுற்றி வேலி கட்டியதுபோல் இந்தத் திட்டு இருப்பதால்தான் உள்ளே தண்ணீர் அமைதியாகக் கிடக்கிறது, குழந்தைகள்கூட இறங்கி விளையாட முடிகிறது. வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, தெற்கே சுயாக் ஊருக்குப் பக்கத்தில் கிரி கிரி என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே திட்டு கிடையாது. இந்தியப் பெருங்கடல் நேராக வந்து கறுப்புப் பாறைமேல் அறைகிறது. அங்கே குளிக்க இறங்கவே கூடாது. ஆனால் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

மலையேறப் பிடிக்கும் என்றால் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன். உயரம் 556 மீட்டர். பாதிவரை சாதாரண நடைதான், அதற்கு மேலே கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் திட்டின் வளைவும், உள்ளே வெளிர்நீலமும், வெளியே கருநீலமும் தெளிவாகப் பிரிந்து தெரியும். தப்பி ஓடிய அடிமைகள் இந்த மலையின் குகைகளில்தான் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தி சொல்ல வந்தவர்களையே பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்து உயிர்விட்டார்கள் என்று தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. படம் எடுத்துவிட்டு இறங்கிவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

தலைநகர் போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட். 1834 முதல் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் கால்வைத்த இடம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. பதினாறு கல்படிகள் மிச்சம். அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போயிருக்கிறார்கள். இன்றைக்கும் தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது.

2020 ஜூலையில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்கே புவான்ட் தெஸ்னி அருகே இதே திட்டில் ஏறித் தரைதட்டியது. ஆகஸ்டில் கப்பல் பிளந்து, ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அப்போது ஊர் மக்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, நீள நீளமாக உருட்டித் தைத்து, எண்ணெயைத் தடுக்கக் கடலில் மிதக்கவிட்டார்கள். எண்ணெயை உறிஞ்சும் என்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். மீனவர், மாணவர், சமையல்காரர் என்று யாரும் வீட்டில் இருக்கவில்லை. தங்கள் சோறு எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே முதல் அக்டோபர் வரை வெயில் இதமாக இருக்கும், ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் நீச்சலுக்கு மேற்குக் கரையே நல்லது. காற்றுப் பட்டம் பிடித்துப் பலகையில் சறுக்கும் விளையாட்டுக்கோ அந்தக் காற்றுதான் வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கும்போது ரப்பர் செருப்பு அவசியம், கடல் முள்ளெலியை மிதித்தால் பயணமே கெட்டுவிடும். அப்புறம், பவளத்தின்மேல் மட்டும் நிற்காதீர்கள். கல் மாதிரி தெரியும், ஆனால் அதற்கு உயிர் இருக்கிறது. ஒரு மிதியில் ஒடிவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். மஹேபூர் பக்கத்தில் புளூ பே கடற்பூங்காவில் கண்ணாடி அடிப் படகில் போனால், கால் நனையாமலே மூளைப் பவளத்தைப் பார்த்துவிடலாம்.

எங்கே படகு பிடித்தாலும், ஏறுவதற்கு முன் படகுக்காரரிடம் நங்கூரம் எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். பவளத்தின்மேல் நங்கூரம் போடாமல் மிதவையில் கட்டுவேன் என்று சொல்கிறவரின் படகில் ஏறுங்கள். நன்றி, வணக்கம்.