பட்டன் போனில் டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் 25. ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், டாக்டர் போனிலோ வீடியோவிலோ நோயாளியைப் பார்க்கும் தொலைமருத்துவத்துக்கான நடைமுறை விதிகளும் வெளியாயின. அடுத்த மாதமே மத்திய அரசின் இ-சஞ்சீவனி புறநோயாளி சேவை வந்தது. செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், பிறகு டோக்கன், அப்புறம் வீடியோவில் டாக்டர். உதகை டவுனில் இருப்பவருக்கு இது கால் மணி நேர வேலை. பந்தலூர்ப் பக்கம் பணியர் பழங்குடியினர் குடியிருக்கும் ஒரு பாடியிலோ, கோத்தகிரிச் சரிவில் ஓர் இருளர் ஊரிலோ கதையே வேறு. டவர் எதிர்மலையில் இருக்கும். ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனிடம்; வீட்டில் பட்டன் போன்தான்.

இது நம் நீலகிரி மலைக்கு மட்டும் உரிய சங்கடமில்லை. அமெரிக்காவில் 2021-இல் அரசு எடுத்த கணக்கு ஒன்று உண்டு. தொலைமருத்துவத்தைப் பயன்படுத்தியதில் கறுப்பினத்தவர் பின்தங்கவில்லை. ஆனால் அப்படிப் பயன்படுத்தியவர்களில் வீடியோவில் பேசியவர்கள் வெள்ளையரில் சுமார் 62 சதவீதம், கறுப்பினத்தவரில் 54, லத்தீன் அமெரிக்கர், ஆசியர் இரு தரப்பிலும் 51. மற்றவர்களுக்குக் குரல் அழைப்புதான். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததாகத்தான் தோன்றும்.

குரலானால் என்ன, டாக்டர் டாக்டர்தானே? அங்கேதான் நம் நாட்டு விதி குறுக்கே நிற்கிறது. முதல்முறை அழைப்பவர் குரலில் மட்டும் பேசினால், பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்ற சாதாரண மருந்துப் பட்டியலுக்குள்தான் டாக்டர் எழுதலாம். அதற்கு அடுத்த பட்டியலுக்கு வீடியோ வேண்டும். ஆக, டவர் இல்லாதவருக்கு மருந்தும் குறைவு. இதற்கு ஒரு வழியும் அதே விதியில் இருக்கிறது. ஒரு டாக்டரை நேரில் பார்த்த 6 மாதத்துக்குள், அதே நோய்க்கு, அதே டாக்டரிடம் பேசினால் அது தொடர் சிகிச்சை. அப்போது குரல் அழைப்பிலேயே பழைய மருந்தை நீட்டிக்கலாம், தேவைப்பட்டால் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் செய்யலாம். அதனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தேதி போட்ட மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அழைக்கும்போது அந்தத் தேதியை முதலில் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர் பக்கத்திலிருந்து பேச வைப்பதையும் விதி அனுமதிக்கிறது. அவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சொல்வார். பணியரோ காட்டுநாயக்கரோ தங்கள் பேச்சில் சொல்வதை டாக்டருக்குப் புரியவும் வைப்பார். என்னைக் கேட்டால், வீட்டுக்கு வீடு வீடியோ என்று கனவு காண்பதைவிட இது நடக்கக்கூடியது.

கொரோனாவில் போன் வழியாக அதிகம் கேட்கப்பட்ட எண், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டுவது; ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்பதை அது சொல்லும். அது ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளக்கிற கருவி. கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7. உதகையில் இன்னொரு குழப்பமும் சேரும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் 98 காட்டும் ஆளுக்கு இங்கே 95, 96 இயல்பு. குளிரில் விறைத்த விரலிலோ, மருதாணி, நகப்பூச்சு இருக்கும் விரலிலோ எண் தாறுமாறாக ஓடும்.

கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கருவியை மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். நலமாக இருக்கும்போதே உங்கள் எண்ணை ஒருமுறை பார்த்துச் சீட்டின் பின்புறம் எழுதிவிடுங்கள். காய்ச்சலில் அதிலிருந்து 3, 4 புள்ளி இறங்கினால் டாக்டரிடம் அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். எண் நன்றாகவே இருந்தும் பேசும்போது மூச்சு வாங்கினால் எண்ணை நம்பாதீர்கள். நம் பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்குக் காய்ச்சலோடு நெஞ்சுவலி வந்தால் போனில் ஆலோசனை கேட்டுக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி மேலே ஏறி வர நேரமாகும். தார்ச்சாலை வரை ஆளைக் கொண்டுவந்து சேர்க்க நாலு பேரை அதற்குள் திரட்டிவிடுங்கள்.