வசிய மையில் வேலை செய்வது நம்பிக்கையே!

நடுவர் அவர்களே, வணக்கம். 'வசிய மையில் வேலை செய்வது மூலிகையா, நம்பிக்கையா?' என்பது தலைப்பு. நம்பிக்கைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா அழுகண்ணி, தொழுகண்ணி, வெள்ளெருக்கு, புனுகு, சவ்வாது, கோரோசனை என்று நாட்டு மருந்துக்கடையையே மேடைக்குத் தூக்கி வந்துவிட்டார். 'இத்தனையும் சேர்ந்தால் சும்மா இருக்குமா?' என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அந்த மையை எப்படிச் செய்கிறார்கள்?

வெள்ளைத் துணியை மூலிகைச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். அதைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்க்க வேண்டும். படிகிற கரியை வழித்து நெய் விட்டுக் குழைத்தால் மை. அம்மாமார்களே, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? கரிசலாங்கண்ணிச் சாற்றில் இதே மாதிரி செய்தால் குழந்தைக்கு இடுகிற கண் மை! அந்தக் குழந்தையைத் தெருவே தூக்கிக் கொஞ்சுகிறது. அதுவும் வசியமா ஐயா?

மணம் மனிதரை இழுக்கும் என்றார். இழுக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? திருப்பதியில் பெருமாளுக்கே புனுகு சாத்துகிறார்கள். ஆனால் மணம்தான் காரணம் என்றால் அத்தர் கடையோடு வேலை முடிந்தது. பறிக்கும் முன் செடிக்குக் காப்பு நூல் கட்டுவது எதற்கு? ஆணிவேர் அறாமல் பிடுங்கு, இரும்பு படாமல் எடு என்பதெல்லாம் எதற்கு? பலிக்காவிட்டால் 'வேர் அறுந்திருக்கும் தம்பி' என்று சொல்லத்தான்!

அப்புறம் மையில் சேர்க்கிற கஸ்தூரி. அது இமயமலைக் கஸ்தூரி மானின் சுரப்பியில் ஊறுவது. அந்த மானைக் கொல்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. செயற்கைக் கஸ்தூரி மணத்தை 1888இல் ஆல்பர்ட் பவுர் கண்டுபிடித்தார். காதலுக்காக இல்லை, வெடிமருந்து செய்யப் போன இடத்தில் அகப்பட்டது! இன்று மலிவாக விற்கிற கஸ்தூரியில் பெரும்பாலும் ரசாயனம்தான். அதை வாங்கியவரும் 'பலித்தது' என்கிறாரே, எந்த மூலிகை வேலை செய்தது?

காமசூத்திரத்திலேயே இருக்கிறது என்றார்கள். இருக்கிறது. தகரம், கோட்டம், தாளிசபத்திரி என்ற மூலிகைகளை அரைத்துப் பூசச் சொல்கிறார் அதை எழுதிய வாத்ஸ்யாயனர். அதையே திரியில் தடவி எரித்து, மனித மண்டையோட்டில் மை பிடிக்கவும் சொல்கிறார். ஆனால் அதற்கு முன்னால் என்ன எழுதினார்? பிறரைக் கவர்பவை அழகு, குணம், இளமை, கொடை என்றார். எதிரணி அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே வந்துவிட்டது.

மை யாரை மாற்றுகிறது? பூசிக்கொண்டவரைத்தான். நேற்று வரை தலை குனிந்து போனவன் இன்று தலை சீவி, சட்டையை இஸ்திரி போட்டு, நிமிர்ந்து நின்று நாலு வார்த்தை பேசுகிறான். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள். பேர் மட்டும் தொழுகண்ணிக்கு!

மூலிகை நிஜமாகவே வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆளை வசப்படுத்தும் இடுமருந்து என்று சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்தால், தின்றவருக்கு நாக்கு வறண்டு, கண்பாவை விரிந்து, புத்தி பேதலிக்கும். உயிரும் போகலாம். எதிரணி ஐயா அதைச் சான்றாகக் காட்டுவார் என்றால் காட்டட்டும். ஆனால் அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல நீங்கள் போதாது நடுவர் அவர்களே, மாவட்ட நீதிபதிதான் வரவேண்டும்!